ஒற்றைக் கையால் அடுக்கிய கல்யாணங்கள்

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் என் வலது கை வேலையை நிறுத்திக்கொண்டது. மறுநாள் காலை மேற்கு மாம்பலத்தில் நாங்கள் படம் எடுக்க வேண்டிய கல்யாணம் ஒன்று இருந்தது. கேமரா பேட்டரிகளை சார்ஜில் போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போனேன். பிரஷ் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். கையை அனுப்பினேன், அது போகவில்லை. இதற்கு மேல் அதைச் சொல்ல இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தபோது வந்த சத்தம் என் குரலாகவே இல்லை.

அவள் என் முகத்தைப் பார்த்ததும் அழவில்லை, கேள்வி கேட்கவில்லை. கீழ்வீட்டுக்காரரின் கதவைத் தட்டி, அவர் காரிலேயே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். சீக்கிரம் வந்ததால்தான் இவ்வளவாவது மிஞ்சியது என்று டாக்டர் பிறகு சொன்னார். பக்கவாதம். கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. பேச்சும் வந்தது, கொஞ்சம் குழறலோடு. கை மட்டும் தோளிலிருந்து தொங்கிக்கொண்டு, வேறு யாருடையதோ மாதிரி என் மடியில் கிடந்தது.

நான் கல்யாணப் போட்டோ எடுப்பவன். வேறு தொழில் தெரியாது. பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், நானும் என் நண்பனும் சேர்ந்து ஸ்டுடியோ வைத்திருந்தோம். அவன் குடும்பத்துக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. அப்பாவுக்குச் சொந்த ஊர் தெற்கே. இவன் பிறந்து வளர்ந்ததெல்லாம் உஸ்மான் ரோட்டில்தான். கடையில் உட்காரப் பிடிக்காமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவன். என்னை ‘பாய்’ என்று கூப்பிடுவான், நான் அவனை ‘மச்சி’ என்பேன். மயிலாப்பூரில் ஐயர் வீட்டுக் கல்யாணம், ராயப்பேட்டையில் எங்கள் ஆட்களின் நிக்காஹ், சாந்தோமில் சர்ச் கல்யாணம் என்று எல்லா வீட்டு மணமேடைகளுக்குக் கீழேயும் நாங்கள் முட்டி போட்டிருக்கிறோம்.

நான் வீட்டோடு ஆன பிறகு நண்பன் வாரம் தவறாமல் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். வந்தால் கல்யாணக் கதைகள் சொல்லுவான். மாப்பிள்ளை காசி யாத்திரையில் குடையை மறந்துவிட்டு வெயிலில் நின்றது, ஐஸ்கிரீம் கவுண்ட்டரில் நடந்த சண்டை. வேலையைப் பற்றி மட்டும் பேசமாட்டான். ஒருநாள் அவன் போனில் யாரிடமோ கெஞ்சுவது காதில் விழுந்தது. “அம்மா, ஃபோட்டோ எல்லாம் பத்திரமா கீதும்மா. பிரிச்சிக்கினு இருக்கோம். கொஞ்சம் டைம் குடுங்கம்மா.”

அவன் போனை வைத்ததும் கேட்டேன். “எவ்ளோ... நிக்குது?”

“வுடு பாய். நீ ரெஸ்ட் எடு.”

“சொல்லு.”

அவன் தலையைச் சொறிந்தான். “ஒன்னு ஒன்னா சொல்ற நெலமையில இல்ல. கார்டுலேருந்து எடுத்து எடுத்து ஹார்ட் டிஸ்க்ல கொட்டி வெச்சிக்கிறேன். எது எந்தக் கல்யாணம்னு எனக்கே தெரியல. பாதிக்கு மேல ‘நியூ ஃபோல்டர்’, ‘நியூ ஃபோல்டர் ரெண்டு’ன்னு கீது. பிரிக்கறதெல்லாம் உன் வேல, நீதான பண்ணுவ.”

கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் கிளம்பும்போது, “அந்த டிஸ்க்க... குடுத்துட்டுப் போ” என்றேன். அடுத்த வாரம் கொண்டுவந்தான். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் கொண்டுவந்தான் என்பது அவன் அதை மேஜைமேல் வைத்த விதத்திலேயே தெரிந்தது.

மறுநாள் மனைவி ஆபீசுக்குப் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மவுஸை இடது பக்கம் மாற்றி வைத்தேன். இடது கைக்கு ஒரு எழவும் தெரியவில்லை. அம்புக்குறி திரையில் ஈ மாதிரி பறந்தது. ஒரு ஃபோல்டரைப் பிடித்து இழுத்தேன். விரல் நடுவழியில் விட்டுவிட்டது. அது பக்கத்திலிருந்த வேறு ஏதோ ஃபோல்டருக்குள் விழுந்து மறைந்துபோனது. எதற்குள் என்று தெரியவில்லை. ஒரு வீட்டுக் கல்யாணமே கண்ணெதிரில் காணாமல் போய்விட்டது. மவுஸைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் ஓடியது.

சாயங்காலம் வந்தவள் சுவரோரம் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, “எலிய அடிச்சிட்டீங்களா?” என்றாள்.

என் மனைவிக்கு ஈக்காட்டுத்தாங்கலில் வேலை. மோட்டார் உதிரிபாகம் செய்யும் பட்டறை ஒன்றின் ஆபீசில் பில் போடுகிறாள். கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் அவள் மவுஸைத் தொட்டு நான் பார்த்ததில்லை. டக டக என்று தட்டுவாள், ஜன்னல்கள் திறக்கும், மூடும். “கடப்பாரையால எழுதற மாதிரி இருக்கு” என்று நான் கேலி செய்ததுண்டு. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அன்று கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டாள். “விடுங்க அந்த எலிய. மொதல்ல காணாமப் போனத எடுப்போம். இங்க, ஓரத்துல கண்ட்ரோல் இருக்கா? சுண்டுவிரல அதுல வைங்க. ஆள்காட்டி விரலால இசட் தட்டுங்க.”

“கம்ப்யூட்டரையே மூடிட்டுத் திறந்துட்டேன். வராது.”

“அப்ப தேடுவோம். எஃப் த்ரீ அழுத்துங்க. பேரு ஞாபகம் இருக்கில்ல? அடிங்க.”

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த ஃபோல்டர் வந்து நின்றது. எனக்கு மூச்சு வந்தது.

அதன்பிறகு தினமும் சாயங்காலத் தொழுகை முடிந்ததும் உட்காருவோம். கட் செய்ய, காப்பி செய்ய, ஒட்ட, எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க என்று முக்கியமான எழுத்துகள் எல்லாம் விசைப்பலகையின் இடது பக்கத்தில், என் நல்ல கை இருக்கும் பக்கத்திலேயே இருந்தன. எஃப் டூ தட்டினால் பெயரை மாற்றலாம். ஆல்ட்டோடு மேல் அம்பை அழுத்தினால் ஒரு படி வெளியே வரலாம். இரண்டு ஜன்னல்களைப் பாதிப் பாதியாகப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம். கேட்கச் சுலபமாக இருந்தது. ஆனால் கோபம் வந்துகொண்டே இருந்தது. அவள் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. “எனக்குத் தெரியும்” என்பேன். தப்பாக அழுத்துவேன். அவள் பேசாமல் இருப்பாள். அவள் பேசாமல் இருப்பதும் பிடிக்காது.

புது ஃபோல்டர் போடுவதில்தான் மாட்டிக்கொண்டேன். அதற்குக் கண்ட்ரோல், ஷிஃப்ட், ‘என்’ மூன்றையும் ஒன்றாக அழுத்தவேண்டும். என் இடது கை பெரியதல்ல. சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு ஆள்காட்டி விரலை ‘என்’ வரை நீட்டினால் ஒன்று நழுவிவிடும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புது ஃபோல்டர் வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவளைக் கூப்பிட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து ‘என்’னை மட்டும் தட்டிவிட்டுப் போவாள்.

ஒருநாள் கூப்பிட்டேன். குளித்துக்கொண்டிருந்தாள் போல, வரவில்லை. எரிச்சலில் ஷிஃப்ட்டைக் குத்தினேன். குத்திக்கொண்டே இருந்தேன். கம்ப்யூட்டர் பீப் என்று கத்தியது. திரை நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது. உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தவள் எட்டிப் பார்த்தாள். “இதுவா? ஆபீசுல இது சும்மா சும்மா வரும். நாங்க வேணாம்னு தட்டி விட்டுடுவோம்.” கையை நீட்டியவள், தட்டாமல் நிறுத்தினாள். குனிந்து படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

“ஏங்க. இது உங்களுக்குத்தாங்க.”

“இன்னாது?”

“சேத்து அழுத்த முடியாதவங்க ஒன்னொன்னா அழுத்தலாமாம். கண்ட்ரோல தட்டிட்டு விட்டுடலாம், அது புடிச்சிக்கினே இருக்குமாம். அப்புறம் ஷிஃப்ட், அப்புறம் ‘என்’. இத்தன வருஷமா வேணாம் வேணாம்னு தட்டிக்கினு இருந்திருக்கேன் பாருங்க.”

‘ஆம்’ என்று கொடுத்தாள். நான் ஆள்காட்டி விரலால் கண்ட்ரோலைத் தட்டினேன். எடுத்தேன். ஷிஃப்ட்டைத் தட்டினேன். எடுத்தேன். ‘என்’னைத் தட்டினேன். திரையில் மஞ்சளாக ஒரு புது ஃபோல்டர் வந்து, பேர் கேட்டு நீலமாக நின்றது.

நான் அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட அழாதவன் நான். அவள் ஈரத்துண்டை அவிழ்த்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, “பேரு வைங்க” என்றாள்.

பிறகு வேலை ஓடத் தொடங்கியது. வேகம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நிற்கவில்லை. காலையில் அவள் கிளம்பும்போது உட்கார்ந்தால் மத்தியானம் கால் மரத்துப்போகும்வரை எழமாட்டேன். நிறைய படங்களைத் தேர்ந்தெடுத்து எஃப் டூ தட்டி ஒரு பேரைக் கொடுத்தால், எல்லாவற்றுக்கும் அதே பேரும் வரிசை எண்ணும் தானாக விழும் என்பதைக் கண்டுபிடித்த அன்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. கை போனதோடு எல்லாம் போய்விட்டது என்று நான் நம்பியிருந்தேன். ஆனால் ஒரே நொடியை நண்பன் பத்துப் படம் எடுத்திருந்தால், அதில் உயிருள்ளது எது என்று என் கண் உடனே சொல்லிவிடும். மாப்பிள்ளையின் கண் பாதி மூடியிருப்பது, மாமியாரின் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது, பின்னால் ஒரு குழந்தை அப்பளத்தைக் கண்ணாடி மாதிரி முகத்தின்முன் பிடித்திருப்பது எல்லாம் தெரிந்தது. கண்ணுக்கு வாதம் வரவில்லை.

நண்பன் வந்து டிஸ்க்கை எடுத்துப் போனான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையிலேயே போன்.

“பாய், யார் பண்ணது இத?”

“எது?”

“நடிக்காத பாய். ஒவ்வொரு கல்யாணமும் தனித்தனியா கீது. உள்ள போனா மெகந்தி, முகூர்த்தம், பந்தின்னு பிரிச்சிக் கீது. ஆள் வெச்சியா? அண்ணி பண்ணாங்களா?”

“நான்தான்... மச்சி. ஒரு கைல.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. “ஜலதோஷம்” என்றான்.

அதற்கப்புறம் டிஸ்க்குகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடிந்ததும் நண்பன் மறுபடி அழைத்தான். குரல் பதறியது. மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். காலையில் முகூர்த்தம், மாலையில் அதே மண்டபத்தில் ரிசப்ஷன். காலையில் எடுத்த படங்களை மாலை ரிசப்ஷனில் பெரிய திரையில் ஓட்டுவதாகப் பெண்வீட்டாருக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அதைச் செய்ய வேண்டிய ஆளின் குழந்தைக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

“உன்னால ஆவுமா பாய்? இல்லன்னாலும் பரவால்ல, சொல்லிடு.”

உடனே ஆம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் மெதுவாகச் செய்வது வேறு, நேரத்துக்குள் முடிப்பது வேறு. அதற்குமேல் மண்டபம். பழைய ஆட்கள் இருப்பார்கள், என்ன ஆச்சு என்று கேட்பார்கள். என் குழறலைக் கேட்டு முகம் மாறுவார்கள். மனைவி என் கையிலிருந்து போனை வாங்கி, “வர்றோம்ணா, ஆட்டோ ஏறப் போறோம்” என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகுதான் என்னைப் பார்த்து, “வர்றீங்கதான?” என்று கேட்டாள்.

மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாரின் பெட்டிகள் அடுக்கிய அறையின் மூலையில் எங்களுக்கு மேஜை போட்டிருந்தார்கள். நாதஸ்வரம் சுவரைத் தாண்டி அதிர்ந்தது. நண்பன் மெமரி கார்டுகளைக் கொண்டுவந்து கொட்டுவான், வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஓடிவிடுவான். மனைவி கார்டைச் செருகிக் கொடுப்பாள். நான் காப்பி செய்வேன், ஃபோல்டர் திறப்பேன், பார்ப்பேன், பொறுக்குவேன்.

சாப்பாட்டு நேரம் வந்தது. எனக்குப் பசியில்லை என்றேன். பொய். இடது கையால் இலையில் சாப்பிடுவதை நினைத்தாலே கூசியது. சின்ன வயதிலிருந்து எந்தக் கையால் சாப்பிடக்கூடாது என்று அடித்துச் சொல்லி வளர்த்தார்களோ, அந்தக் கைதான் எனக்கு மிச்சம் இருந்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்பூனால் சாப்பிட்டுப் பழகியிருந்தேன். பெண்ணின் அப்பா அறைக்குள் எட்டிப் பார்த்தார். “நீங்க இன்னும் ஒக்காரலையா? இலை போட்டாச்சு, வாங்கோ வாங்கோ. மாமி, நீங்களும் வாங்கோ. அப்பறமா வேலையப் பாத்துக்கலாம்.” என் நல்ல கையைப் பிடித்தே அழைத்துப் போனார்.

உட்கார்ந்தேன். சாம்பார் சாதத்தை இடது கையால் எடுத்தேன். ஊரே என்னைப் பார்க்கப்போகிறது என்று நினைத்தேன். எதிர் வரிசையில் இருந்தவர் இலையை விட்டு வழியும் பாயசத்தை அணைகட்டித் தடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு அம்மாள் பரிமாறுபவரிடம் உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் கேட்டுச் சண்டை போட்டார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. வெகுநாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அறைக்குத் திரும்பிய பிறகுதான் அந்தக் கண்டம் வந்தது. பொறுக்கிய படங்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். பெண்ணின் அப்பாவுக்கென்று ‘டாட்’ என்று ஒரு ஃபோல்டர் தனியாக வைத்திருந்தேன். அதற்குத் தாவ, முதல் எழுத்தான ‘டி’யைத் தட்டினேன். கண்ட்ரோலை அடுத்தடுத்து இரண்டு தடவை தட்டினால், மறுபடி தட்டும்வரை அது அழுந்தியபடியே பூட்டிக்கொள்ளும். முன்பு அப்படித் தட்டியதில் அது பூட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கண்ட்ரோலும் ‘டி’யும் சேர்ந்தால் அழித்துவிடும். திரை வெள்ளையாக ஆனது. காலையிலிருந்து பொறுக்கியது எதுவும் இல்லை.

வெளியே ரிசப்ஷனுக்கு மேடையில் பூ மாற்றிக்கொண்டிருந்தார்கள். மனைவியின் முழங்கையை இடித்துத் திரையைக் காட்டினேன். அவள் முகம் வெளுத்தது. ஆனால் கை விசைப்பலகைக்கு வரவில்லை. “நீங்களே பாத்துப் பண்ணுங்க. எதையும் மூடாதீங்க” என்றாள், மெதுவாக.

எதையும் மூடவில்லை. கண்ட்ரோல் இன்னும் பூட்டித்தான் இருந்தது. இசட்டை மட்டும் தட்டினேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக, மாலையும் தாலியும் பருப்புத் தேங்காயுமாக, எல்லாம் வந்து தம் இடத்தில் உட்கார்ந்தன.

நண்பன் வந்தபோது பென்டிரைவ் தயாராக இருந்தது. மேடைக்குப் பக்கத்தில் திரை ஒளிர்ந்தது. நானும் மனைவியும் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றோம். ஊஞ்சல், மாலை மாற்றல், மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடிக்கும் பாணிக்கிரகணம் எல்லாம் ஓடியது. கூட்டம் பாதி பார்த்தது, பாதி பேசிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு படம் வந்தது. பெண்ணின் அம்மா ஹேர்பின்னை வாயில் கடித்துக்கொண்டு, மகளின் நழுவிய மாலையைப் பின்னாலிருந்து சரிசெய்கிறாள். மகளுக்கு அது தெரியாது. அம்மாவின் கண்ணில் மட்டும் தண்ணீர். நண்பன் அதை வேறு எதையோ எடுக்கும்போது தவறி எடுத்திருந்தான். ஓரத்தில் யாரோ ஒருவரின் தோள் மறைத்தது. நான்தான் அதை விடாமல் பொறுக்கி வைத்தேன்.

பேச்சு நின்றது. மேடையிலிருந்த பெண் திரும்பித் திரையைப் பார்த்தாள். அப்படியே இறங்கி, பட்டுப்புடவை தடுக்கத் தடுக்க, அம்மாவிடம் போனாள்.

நண்பன் கேமராவைத் தூக்கியபடி அந்தப் பக்கம் ஓடினான். அதை எடுக்கும் கை எனக்கு இல்லையே என்று ஒரு நொடி நெஞ்சு வலித்தது. அந்த வலி இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒருமுறை வந்துவிட்டுப் போகும்.

சாமான்களை மூட்டை கட்டும்போது நண்பன் சொன்னான். “திங்கக்கெழமையிலேருந்து ஸ்டுடியோவுக்கு வந்துடு பாய். படியேறக் கஷ்டம்னா நான் தூக்கிக்கினு போறேன்.”

“நானே... ஏறுவேன்.”

ஏறினேன். இப்போதும் ஏறுகிறேன், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு. எங்கள் வேலையோடு வேறு இரண்டு ஸ்டுடியோக்காரர்களின் படங்களும் இப்போது என்னிடம் பிரிக்க வருகின்றன. மேஜைமேல் பழைய காலத்துக் கீபோர்டு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் நெல் பொரிகிற மாதிரி சத்தம் போடும். படம் படமாக நகர்ந்து போய், பிடித்ததில் ஸ்பேஸ்பாரைத் தட்டினால் அது மட்டும் தேர்வாகும். வலது கையைச் சும்மா மடியில் போடாமல் மேஜைமேல் வைக்கச் சொல்லி, அடையாறில் எனக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் அம்மா சொல்லியிருந்தார். அதனால் அது கீபோர்டின் கீழ் ஓரத்தில் கிடக்கும்.

போன வாரம் ஒரு மத்தியானம், அம்பு விசையில் போய்க்கொண்டிருந்தேன். நல்ல படம் ஒன்று வந்தது. இதை எடு என்று நினைத்தேன். இடது விரல் நகரும் முன்பே ‘டக்’ என்றது. படத்தைச் சுற்றி நீலம் விழுந்தது. குனிந்து பார்த்தேன். வலது கட்டைவிரல் ஸ்பேஸ்பார் மேல் இருந்தது. தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த படத்துக்குப் போய்க் காத்திருந்தேன். எடு என்றேன். வெகுநேரம் கழித்து, மறுபடி ‘டக்’.

இடது கையால் போனை எடுத்து மனைவிக்குப் போட்டேன். அவள் ஆபீசில் பின்னால் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. சொன்னேன். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன.

“இருங்க, இருங்க. நான் வெளிய வர்றேன்.” கதவு சாத்தும் சத்தம். இரைச்சல் அடங்கியது. “போன எந்தக் கைல வெச்சிருக்கீங்க?”

“எடது.”

“அப்ப கீபோர்டு பக்கத்துல கொண்டு போங்க. இப்ப அழுத்துங்க. நான் கேக்கறேன்.”

போனைக் கீபோர்டின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு, என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரப்படுத்தாமல் அவள் அந்தப் பக்கம் காத்திருந்தாள்.